பின்னறையில் விழுந்த அருவி

என் மேசையில் எப்போதும் ஒரு கருப்பு ஹெட்போன் கிடக்கும். அதை மாட்டிக்கொண்டால் எனக்கு மழை பெய்யும். மழை சலித்தால் கடல், கடல் சலித்தால் மூங்கில் காடு, அதுவும் போதாதென்றால் தவளைக் கூட்டம். தருமபுரியில் வீட்டிலேயே உட்கார்ந்து பெங்களூர் கம்பெனி ஒன்றுக்குக் கணக்கு வேலை பார்ப்பவள் நான். பக்கத்து மனையில் போர்வெல் போடுகிறார்கள், எதிர்வீட்டில் மிக்சி ஓடுகிறது, என் மகன் கார்ட்டூனில் வரும் பூனையோடு சண்டை போடுகிறான். இத்தனைக்கும் நடுவில் என்னை நாற்காலியில் பிடித்து உட்கார வைப்பது அந்த மழைதான்.

போன மாதம் என்னோடு வேலை பார்க்கும் சின்னப் பெண் ஒருத்தி போனில் எனக்கு வகுப்பெடுத்தாள். வேலையில் மனசு ஊன்றவில்லையா அக்கா, அருவிச் சத்தம் வைத்துக் கேளுங்கள், இப்போது எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றாள். கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தவளிடம் என்ன சொல்வது? நல்லது கண்ணு, வைத்துப் பார்க்கிறேன் என்று சொல்லி முடித்துக்கொண்டேன். அருவியை வைத்துப் படிக்கிற வித்தை எங்கள் வீட்டுக்கு வந்து பல வருஷமாகிறது. அதைக் கொண்டுவந்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. அவருடைய தொழிலைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ரேடியோ செட்டு வாடகைக்கு விடுகிறவர். கல்யாணம், காது குத்து, கட்சிக் கூட்டம், கோயில் திருவிழா என்று ஊர்க் காதுகளைக் கிழிப்பதே அவருக்குச் சோறு போட்ட தொழில்.

நான் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். இண்டூரை ஒட்டிய ஊர் எங்களுடையது. மற்ற பாடங்களில் நான் பரவாயில்லை. எனக்கும் கணக்குக்கும்தான் ஏழாம் பொருத்தம். அரையாண்டுத் தேர்வில் கோட்டை விட்டேன். திருப்புதல் தேர்வில் அதே கோட்டையை இன்னொரு தடவை விட்டேன். எனக்கு முன்னால் என் அக்காவும் கணக்கில்தான் போனாள். ரிசல்ட் வந்த கொஞ்ச நாளில் திருப்பூர்ப் பக்கத்து நூல் மில்லிலிருந்து வேன் வந்தது. புதுத் துணிப் பையோடு அவள் அதில் ஏறினாள். தீபாவளிக்கு வந்தபோது பஞ்சு தின்றவள்போல இருமினாள். எட்டாவதில் என்னைவிட நன்றாகப் படம் வரைந்தவள் அவள்.

அப்பா கெட்டவர் இல்லை. இருந்த கொஞ்சம் மேட்டு நிலத்தில் வானம் பார்த்துக் கேழ்வரகும் கொள்ளும் போட்டு, பாதி வருஷம் வானத்தையே அறுவடை செய்தவர். பாஸானால் மேலே படி, இல்லையென்றால் அக்காவோடு வேனில் ஏறு என்று என்னிடம் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் கூட எனக்குப் பயம் வந்திருக்காது. நாளைக்குச் சந்தை என்று சொல்கிற மாதிரி சொன்னார். அதனால்தான் அந்த வேன் என் தூக்கத்துக்குள்ளேயே வந்து நின்றது.

எங்கள் ஊர் மாரியாத்தாளுக்குப் பங்குனியில் திருவிழா. அரசாங்கம் பத்தாம் வகுப்புப் பரீட்சை வைப்பதும் அந்தச் சமயத்தில்தான். இரண்டு தரப்பும் கலந்து பேசித்தான் நாள் குறிக்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. காப்புக் கட்டின நாளிலிருந்து பூமிதி முடிகிறவரை, விடிகாலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் கோயிலில் செட்டு பாடியே ஆக வேண்டும். பாட்டு நின்றால் ஆத்தா முகம் சுளிப்பாள் என்பது ஊர் நம்பிக்கை. பூசாரி ஆத்தாளுக்குக் காப்புக் கட்டும் கையோடு மாமாவின் ஆம்ப்ளிஃபயருக்கும் ஒரு மஞ்சள் கயிறு கட்டுவார். கட்டிவிட்டால் அந்தத் திருவிழாவுக்கு அதுதான் செட்டு. வேறு செட்டு ஊருக்குள் நுழையக் கூடாது. முந்தின வருஷம் நடுவில் ஒருநாள் அது பழுதானபோது, தருமபுரியிலிருந்து மெக்கானிக்கைக் கூட்டிவந்து சரி செய்கிறவரை ஊரே மாமாவின் தலைமேல் ஏறி நின்றது.

கோயில் எங்கள் வீட்டுக்கு அடுத்தாற்போல். கோயில் புளியமரத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர் எங்கள் ஓட்டுக்கூரையைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருக்கும். நான் படிக்க முடிகிற நேரமும் விடிகாலையும் சாயங்காலமும்தான். பகலில் பள்ளிக்கூடம், ராத்திரியில் கரண்டு போய்விடும். அதனால் நான் கோணமானி எடுத்தால் ஆத்தா பாட்டெடுப்பாள். காப்புக் கட்டின மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பத் தப்பாகப் போட்டுவிட்டு, புத்தகத்தின் மேலேயே தலையை வைத்து அழுதேன்.

மாமாவுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. தட்டோடு வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். அழ வைத்த சத்தம் அவருடையது, அழுகிற பிள்ளை அவர் அக்கா மகள். சாப்பாட்டை ஓரமாக வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கண்ணுக்கு எமை குடுத்த சாமி, காதுக்கு ஒண்ணும் குடுக்காம வுட்டுருச்சு பாப்பா. சத்தத்த மூட முடியாது. இன்னொரு சத்தத்த மேல ஊத்தித்தான் அமுக்கோணும்.”

எந்தச் சத்தத்தை ஊற்றுவது என்று இரண்டு நாள் யோசித்தார். ஆடிப் பதினெட்டுக்குக் குடும்பத்தோடு ஒகேனக்கல் போயிருந்தது அவர் நினைவுக்கு வந்ததாம். அங்கே ஃபால்ஸ் பக்கத்தில் நின்று அப்பா என்னை ஏதோ திட்டினார். வாய் அசைந்தது தெரிந்தது, திட்டு என்னிடம் வந்து சேரவில்லை. அவ்வளவு நிம்மதியாக நான் அதற்கு முன்னாலும் பின்னாலும் திட்டு வாங்கியதில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த மாமா, அந்த இரைச்சலையே பிடித்துவரக் கிளம்பினார்.

பங்குனி மாதத்து ஒகேனக்கல்லில் தண்ணீர் ஏது? பாறைதான் அதிகம் தெரியும். பென்னாகரம் பஸ்ஸில் போய், விழுகிற கொஞ்சத் தண்ணீருக்குக் கிட்டத்தில் பாறை பாறையாக இறங்கி, மெமரி கார்டு போட்ட தன் போனை நீட்டிப் பிடித்தபடி வெயிலில் அரைநாள் நின்றிருக்கிறார். சாயங்காலம் வரும்போது மூக்கும் நெற்றியும் கருத்துப்போய், ஒரு கையில் வறுத்த மீன் பொட்டலமும் இன்னொரு கையில் அருவியுமாக வந்தார். காப்புக் கட்டின ஊரில் கவிச்சி கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டாலும், மீனைப் பார்த்துத்தான் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம்.

அருவியை ஒரு பென் டிரைவில் ஏற்றி, பின்னறையில் பழைய ஸ்பீக்கர் பாக்ஸ் ஒன்றை வைத்து, ஒரு சின்ன பிளேயரில் செருகினார். எங்கள் வீட்டுப் பின்னறை கேழ்வரகு மூட்டையும் புளிக்கூடையும் போட்டு வைக்கிற இடம். அந்த மூட்டைகளுக்கு நடுவில் காவிரி விழ ஆரம்பித்தது. பதிவில் ஒரே ஒரு குறை. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை பக்கத்தில் கடை போட்டிருந்த ஒரு அம்மா, “மீனு… சூடா மீனு…” என்று நீட்டிக் கூவுவாள். அவளை எடுத்துவிட மாமாவுக்குத் தெரியவில்லை. சுற்றிச் சுற்றி ஓடும் பதிவு என்பதால் அவளும் சுற்றிச் சுற்றி வருவாள். இன்றைக்கும் முக்கோணவியல் சூத்திரம் ஒன்றை நினைத்தால் எனக்கு எண்ணெயில் மீன் பொரிகிற வாசனை வருகிறது.

முதல்நாள் படிப்பு ஓடவில்லை. வேறொன்று ஓடியது. தண்ணீர்ச் சத்தத்தை விடாமல் கேட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். நான் மட்டுமா? அம்மா, அப்பா என்று வீட்டில் ஒவ்வொருவராகக் கொல்லைப்பக்கம் எழுந்து போனார்கள். அப்பாவுக்கு எரிச்சல். வாரத்துக்கு ஒருநாள் அரைக்குடம் தண்ணீர் விடுகிற ஊரில், தண்ணீர் வருவதற்கு முன்னால் சத்தம் மட்டும் வந்து சேர்ந்துவிட்டதே என்றார். அம்மா தம்பியை விட்டுக்கொடுக்காமல், சத்தமாவது வந்ததே என்றாள்.

மூன்றாம் நாள் வாக்கில், கோயில் செட்டு ஓய்ந்திருந்த கொஞ்ச நேரங்களில், ஒரு மாற்றம் தெரிந்தது. அருவி எனக்குக் கேட்காமல் போனது. அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் என் கவனத்தில் அது இல்லை. அதோடு கூடவே அம்மா பாத்திரம் உருட்டுவது, அப்பா யாரோடோ வரப்புத் தகராறு பேசுவது, கோழி, நாய், டீவி எல்லாம் காணாமல் போயின. கேழ்வரகு மூட்டையில் சாய்ந்துகொண்டு கணக்கும் நானும் மட்டும் இருந்தோம். இத்தனை நாளும் கணக்கு எனக்கு வராததற்குக் காரணம் மண்டை இல்லை, அந்த மண்டைக்குள் ஊர் முழுக்கக் குடியிருந்ததுதான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. விட்டுப்போன பாடங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். விடை புத்தகத்தின் கடைசிப் பக்கத்தோடு ஒத்துப்போகும்போது சந்தோஷத்தில் காலை ஆட்டுவேன். மாமா கதவுச் சந்தில் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் போவார். சத்தமில்லாமல் போகவும் அவருக்குத் தெரியும் என்பதே எங்களுக்குப் புதுச் செய்தி.

ஆனால் கூம்பு கூம்புதான். கோயில் செட்டு வாயைத் திறந்தால் பின்னறை அருவி செத்த பாம்புபோல ஆகிவிடும். அருவியின் சத்தத்தைக் கூட்டினால் அப்பா கத்துவார், குறைத்தால் ஆத்தா பாடுவாள். கணக்குப் பரீட்சை நெருங்க நெருங்க, எனக்கு வேண்டிய அந்தக் காலையும் மாலையும் கையை விட்டுப் போய்க்கொண்டே இருந்தன. இன்னும் போட வேண்டிய பாடம் பாதிக்கு மேல் இருந்தது. இரண்டாவது தடவையாக அழுதேன். இந்தத் தடவை அழுகையோடு, நான் வேனுக்குப் போகிறேன் மாமா, பரவாயில்லை என்றும் சொல்லிவிட்டேன்.

அன்றைக்கே மாமா ஊர்க்கவுண்டரிடம் போய்க் கேட்டிருக்கிறார். பிள்ளைகளுக்குப் பரீட்சை, கணக்குப் பரீட்சை முடிகிறவரை மட்டும் செட்டை நிறுத்தி வைக்கலாமா என்று. கவுண்டர் பொல்லாதவர் இல்லை. அவர் பேரனும் என் வகுப்பில் கடைசிப் பெஞ்சில் இருந்தான். ஆனாலும் காப்புக் கட்டின பிறகு பாட்டை நிறுத்துகிற அதிகாரம் அவருக்குக் கூட இல்லை. ஊரில் யாருக்காவது அம்மை போட்டால் என்னைத்தானே கேட்பார்கள் என்றாராம். பக்கத்தில் இருந்தவர்கள், செட்டுக்காரனே செட்டை நிறுத்தச் சொல்கிற அதிசயத்தை இப்போதுதான் பார்க்கிறோம் என்று மாமாவைக் கேலி பேசி அனுப்பினார்கள். மாமா வீட்டுக்கு வந்து பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். அதுவும் எங்களுக்குப் புதுசு.

அப்போது புளி சீசன். எங்கள் பக்கத்தில் மாசி, பங்குனி என்றால் ஊர் முழுக்கப் புளி மணக்கும். கொட்டை எடுத்த புளியை மொட்டை மாடி, களம், பாறை, தார் ரோட்டு ஓரம் என்று கிடைத்த இடத்தில் எல்லாம் காயப் போட்டிருப்பார்கள். அதில் ஒரு தூறல் பட்டால் போதும், புளி கருத்துப்போகும், வாங்குகிறவன் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வான். வருஷம் முழுக்க மழைக்கு ஏங்குகிற ஊர், அந்த ஒரு மாதம் மட்டும் மழை வந்துவிடக் கூடாதே என்று வானத்தைப் பார்க்கும்.

கணக்குப் பரீட்சைக்குச் சில நாள் இருக்கும்போது அது நடந்தது. விடிந்தும் விடியாத நேரம். நான் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். வழக்கம்போல ஆத்தா பாட்டு வர வேண்டிய நேரத்தில், புளியமரத்துக் கூம்பிலிருந்து ‘சோ’வென்று ஓர் இரைச்சல் கிளம்பியது. பின்னறையில் என் காதுக்குப் பழகிய அந்தச் சின்ன அருவி, கூம்பு வழியாக வந்தபோது ஆகாயமே கிழிந்து கொட்டுவதுபோல இருந்தது. எனக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை.

அடுத்த நிமிஷம் ஊர் எழுந்தது. மழை, மழை என்று யாரோ கத்தினார்கள். பாயில் கிடந்தவர்கள் கிடந்த கோலத்தில் களத்துக்கு ஓடினார்கள். புளியை அள்ள முறம் கிடைக்காதவர்கள் வேட்டியை விரித்தார்கள். ஒரு பெரியம்மா கல்யாணப் பட்டுப்புடவையைக் கொண்டுவந்து பாறையில் போர்த்தினாள். என் அம்மா வாசலில் காய்ந்த புளியை அள்ளிக்கொண்டுவந்து என் கட்டிலில் கொட்டினாள். அப்பா, இது மழை இல்லை, ஏரி உடைந்துவிட்டது என்றார். எனக்கு நினைவு தெரிந்து அந்த ஏரியில் எருமை படுக்கிற அளவுக்குக் கூடத் தண்ணீர் நின்றதில்லை. ஆனால் பயத்துக்கு யார் கணக்குப் பார்க்கிறார்கள்? சிலர் மட்டும் ஓடின வேகத்தில் நின்று தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். மேலே ஒரு மேகம் இல்லை. கிழக்கே வெளுத்துக்கொண்டு வந்தது. கேட்கிற மழை தலையில் மட்டும் விழாதது ஏன் என்று ஊர் திகைத்து நின்ற அந்த நேரத்தில், வானத்திலிருந்து ஒரு பெண் குரல், “மீனு… சூடா மீனு…” என்று கூவியது.

எல்லாரும் புளியமரத்துக் கூம்பைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு யாரோ ஒருவர் சிரித்தார். யாரோ ஒருவர் கெட்ட வார்த்தை சொன்னார். கையில் புளியோடு ஊர் முழுக்கக் கோயிலைப் பார்த்து நடந்தது. செட்டு இருந்த அறை பூட்டிக் கிடந்தது. சாவி மாமாவிடம். மாமா கொல்லைக்குப் போயிருந்தார். அவரைத் தேடிக் கூட்டிவருகிறவரை காவிரி கொட்டிக்கொண்டேதான் இருந்தது, அந்த அம்மாவும் இரண்டு மூன்று தடவை மீன் விற்றுவிட்டாள்.

கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். மாமா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார். பென் டிரைவ் மாறிப்போச்சுங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். புளியோடு மண்ணையும் சேர்த்து அள்ளிவிட்டேன் என்றார் ஒருவர். விழுந்து முட்டி பெயர்ந்துவிட்டது என்றார் இன்னொருவர். ஆத்தா பாடுகிற வாயில் மீன் விற்றதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றம் என்றார் பூசாரி. காப்புக் கட்டின ஊரில் கவிச்சி பேசவே கூடாது, இவன் கூவியே விற்றுவிட்டான் என்று அவர் சொன்னபோது சிரிக்கப் பார்த்த சிலரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அப்போது வயசான ஒருவர் பழைய வழக்கம் ஒன்றை எடுத்துச் சொன்னார். எப்போதோ ஒரு திருவிழாவில் பம்பைக்காரர் குடித்துவிட்டு வந்தார் என்பதற்காக, அவருடைய பம்பையைக் கோயில் வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டார்களாம். குற்றம் செய்த மேளம் ஆத்தா முன்னால் வாய் திறக்கக் கூடாது, அது தண்டனையை அனுபவிக்கிற நேரத்தில் சத்தம் இல்லையென்று ஆத்தா கோபிக்க மாட்டாள். கூட்டம் அதை ஒப்புக்கொண்டது. கவுண்டர் தீர்ப்பைச் சொன்னார். மாமா ஆத்தா முன்னால் விழுந்து கும்பிட்டுக் கற்பூரம் ஏற்ற வேண்டும். பூமிதி நாள் வரைக்கும் அந்தச் செட்டு வாயைத் திறக்கக் கூடாது. வேறு செட்டும் வரக் கூடாதே, கயிறு கட்டியாகிவிட்டதே என்று யாரோ கேட்டார்கள். பூசைக்குப் பம்பை மட்டும் அடித்தால் போதும் என்றார் கவுண்டர்.

மாமா குப்புற விழுந்து கும்பிட்டார். ஊருக்கே பாட்டுப் போட்டவர் மண்ணில் முகத்தை வைத்துக் கிடந்தார். அவரை அப்படி விழ வைத்த கவுண்டர்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் பேரனிடம் பள்ளிக்கூடத்தில் பேசுவதையே நிறுத்திவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த காலைகளை நான் மறக்கவே மாட்டேன். புளியமரத்தில் கூம்பு வாயைப் பிளந்துகொண்டு சும்மா இருந்தது. மாமா பென் டிரைவைத் திரும்பக் கொண்டுவந்து பின்னறைப் பிளேயரில் செருகினார். அருவி மெதுவாக, எனக்கு மட்டும், விழுந்தது. அதை எதிர்த்துக் கத்த யாரும் இல்லை. விட்டுப்போன பாடங்கள் எல்லாவற்றையும் அந்த நாட்களில்தான் முடித்தேன். மாமாவுக்கு வேலை இல்லாததால் எனக்கு டீ போட்டுத் தருகிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார். டீயைக் கீழே வைத்துவிட்டு, “கரெக்டா வருதா பாப்பா?” என்று மட்டும் கேட்பார். அவர் கேட்டது அருவியையா கணக்கையா என்று எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் சேர்த்து, வருது மாமா என்பேன்.

பரீட்சை ஹாலில் மின்விசிறிகூட ஓடவில்லை. அந்த அமைதி முதலில் என்னை மிரட்டியது. கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஒகேனக்கல்லை வரவழைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். கடைசி மணி அடிக்கிறபோது என் விடைத்தாளில் விட்ட கேள்வி என்று ஒன்றும் இல்லை.

கணக்கில் பாஸ். அதுவும் சும்மா தொட்டுப் பாஸ் இல்லை, பதினொன்றாவதில் கணக்குப் பாடம் இருக்கிற பிரிவையே டீச்சர் எனக்குக் கொடுக்கிற அளவுக்குப் பாஸ். ஜூன் மாதம் மில் வேன் வந்தது. என் வகுப்புப் பெண்கள் சிலர் ஏறினார்கள். அவர்களுக்குக் கை காட்டிவிட்டு நான் இண்டூர் பஸ்ஸுக்கு நின்றேன். அப்பா எனக்குப் புதுச் செருப்பு வாங்கித் தந்தார். போட்டுப் பார் என்று என் காலடியில் வைத்தார். அந்தச் செருப்பு போட்டு நடந்த பாதைதான் என்னை இந்த மேசை வரைக்கும் கொண்டுவந்து விட்டிருக்கிறது.

மாமாவுக்குத்தான் நஷ்டம். அடுத்த வருஷத் திருவிழாவுக்கு வேறு ஊர்ச் செட்டைக் கொண்டுவந்தார்கள். மீனு செட்டு என்ற பெயர் அவருக்குப் பட்டமாக ஒட்டிக்கொண்டது. பெண் பார்க்கப் போன இடத்தில்கூட, நீங்கள்தானே அந்த மீனு செட்டு என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டவர் மகள்தான் இப்போது என் அத்தை. அதனால் அந்தப் பட்டத்தை அவர் அவ்வளவாக வெறுப்பதில்லை.

அவர் சொன்னதை, பென் டிரைவ் மாறிப்போனது என்பதை, நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போய், பென் டிரைவும் ஒயரும் கையில் புழங்கிய பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது. ஆத்தா பாட்டு இருந்த பென் டிரைவைத் திருவிழா முடிகிறவரை அவர் மஞ்சள் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பார், செட்டில் செருகும்போதும் குளிக்கும்போதும் மட்டும் கழற்றுவார். அருவி இருந்தது எங்கள் வீட்டுப் பின்னறையில், பிளேயருக்குள். அது மாறிப்போக வேண்டுமென்றால் அவர் விடியுமுன் எங்கள் வீட்டுக்குள் வந்து, தூங்குகிற எங்களைத் தாண்டி, மூட்டைச் சந்தில் கையை விட்டு அதை உருவியிருக்க வேண்டும். அப்புறம் அறையைப் பூட்டிச் சாவியை மடியில் வைத்துக்கொண்டு, ஊர் எழுந்து ஓடுகிற நேரத்துக்குக் கொல்லைப்பக்கம் போயிருக்க வேண்டும். போன பொங்கலுக்கு இதையெல்லாம் அவரிடம் வரிசையாகச் சொல்லிக் கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே, “அட போ பாப்பா, மறதிதான்” என்றார். நான் நன்றி சொல்ல முடியாதபடி கடைசிவரைக்கும் ஒளிந்துகொண்டே இருப்பது என்று என் மாமா முடிவு செய்துவிட்டார். ஆனாலும் ஒவ்வொரு நாளும் இந்த ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டும்போது அவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் மாட்டுகிறேன்.

அந்தக் கூட்டத்தில் நடந்த ஒன்றை நான் இன்னும் சொல்லவில்லை. கவுண்டர் முதலில் விதித்தது இரண்டே நாள் தண்டனைதான். பாவம், வேண்டுமென்றா செய்தான், இன்றைக்கும் நாளைக்கும் செட்டு வாயை மூடிக்கொண்டிருக்கட்டும் என்றுதான் சொன்னார். கூட்டமும் சரி என்று கலையப் பார்த்தது. மாமா நகரவில்லை. தலையைக் குனிந்தபடியே கும்பிட்டார்.

“ரெண்டு நாளு பத்தாதுங்க. நாம் பண்ணுனது பெரிய குத்தமுங்க. பூ மிதிக்கிற வரைக்கும் நிறுத்திப்புடுங்க.”

கவுண்டர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கூட்டத்தில் நின்ற என்னையும், பக்கத்தில் நின்ற தன் பேரனையும் பார்த்தார். சரி, அப்படியே ஆகட்டும் என்றார். கணக்குப் பரீட்சை பூமிதிக்கு முந்தின நாள். அது எனக்கும் தெரியும். ஆனாலும், தனக்குக் கொடுத்த தண்டனையைக் கூட்டிக் கேட்கிற அளவுக்கு இந்த மாமா ஏன் இப்படி விவரமில்லாதவராக இருக்கிறார் என்றுதான் அன்றைக்கு நான் அழுதேன்.